தொண்ணூறு சென்டிமீட்டர்

குண்டு தண்ணீருக்குள் போனது. சத்தமே இல்லை.

தொட்டியின் அடியில் கிடந்த எஃகுக் குண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள் நான்சி. ஆய்வுக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதேகால். பதினொரு மணிக்கு அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஆறு வருடமாக இந்தக் கண்ணாடித் தொட்டிக்குள் ஆயிரக்கணக்கான முறை குண்டு போட்டிருக்கிறாள். தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் போதும், ‘டொப்’ என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டுதான் அது இறங்கும். இன்றைக்குத் தண்ணீர் அதை ஒரு மாத்திரையைப் போல விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தது.

மறுபடியும் போட்டாள். சத்தமில்லை. தண்ணீரை மாற்றிவிட்டுப் போட்டாள். அளவுகோலை இரண்டு முறை சரிபார்த்தாள். குண்டைப் பிடித்திருந்து விடுவிக்கும் மின்காந்தத்தின் பொத்தானைப் பரிசோதித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

வெளியாட்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. தண்ணீரில் ஒரு குண்டு விழுகிறது. சத்தம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆனால் அந்தச் சத்தத்துக்குள்தான் நான்சியின் ஆறு வருடம் இருந்தது. தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோலைப் போல இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பரப்பு இழுவிசை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். குண்டு உள்ளே நுழையும்போது தண்ணீர் அதன் உடம்பைச் சுற்றி மெல்லிய தகடாக மேலே ஏறுகிறது. குண்டை ஒட்டியபடியே ஏறி உச்சியில் மூடிக்கொண்டால் காற்றுக்கு உள்ளே வழியில்லை. பாதி வழியில் குண்டைவிட்டுப் பிரிந்து வெளியே தெறித்தால், அந்த இடைவெளியில் காற்று புகுந்துவிடும். குண்டின் முதுகிலேயே சுரைக்குடுக்கை போல ஒரு காற்றுக்குழி இறங்கும். அதன் கழுத்து நெரிபட்டு மூடும்போது வருவதுதான் அந்த ‘டொப்’. தண்ணீர் ஒட்டுமா பிரியுமா என்பது குண்டின் வேகத்தையும், தண்ணீரின் இழுவிசையையும், குண்டின் மேற்பரப்பையும் பொறுத்தது.

சுத்தமான குண்டு என்றால் இரண்டு மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தால்தான் காற்றுக்குழி உண்டாகும் என்பது இதுவரை மற்றவர்கள் எழுதியிருந்தது. நான்சியின் தொட்டியில் தொண்ணூறு சென்டிமீட்டரிலேயே உண்டானது. கண்ணாடி போல மெருகேற்றிய எஃகு வேறு விதமாக நடந்துகொள்கிறது என்று அவள் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். அவளுடைய வழிகாட்டி கண்ணாயிரம் சாருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கருத்தரங்குக்குப் போகிற இடமெல்லாம் அதற்குக் கல்லூரி இருக்கும் ஊரின் பெயரால் ‘கள்ளக்குறிச்சி எண்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த எண்தான் சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் எழில்மதிக்கு உறுத்தியிருந்தது. “சோதனையை என் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும்” என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார்.

இந்த மாதத்துக்குள் பட்டம் கைக்கு வந்தால்தான் நிரந்தர வேலைக்கு நான்சி விண்ணப்பிக்க முடியும். இல்லையென்றால் வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக விரிவுரையாளர் வேலைதான் கதி. மணலூர்பேட்டையில் குத்தகைக்குக் கரும்பு போட்டிருக்கும் அவள் அப்பா பிலவேந்திரன், “எம் பொண்ணு டாக்டராவப் போவுது, ஊசி போடாத டாக்டரு” என்று கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்.

கதவு திறந்தது. கையில் தேநீர்த் தம்ளரோடு பச்சையம்மாள் வந்தாள். துறையைப் பெருக்கித் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைப்பது அவள் வேலை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து நான்கு வருடமாகிறது.

“இன்னா நான்சிம்மா, வேர்த்துக் கொட்டிகினு நிக்கறே? இந்தா, சூடா குடி. சக்கரை ஜாஸ்தி போட்டிருக்கறேன். நல்ல காரியத்துக்குப் போறவ வெறும் வயித்தோட நிக்கக் கூடாது.”

“வெச்சிட்டுப் போங்கக்கா.”

பச்சையம்மாள் போகவில்லை. மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து வரிசையாக வைத்திருந்த குண்டுகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“எப்டி பளபளன்னு கீது பாத்தியா? நேத்து சாயங்காலம் நீ போன பொறவு நான்தான் கழுவி வெச்சேன்.”

நான்சியின் கையிலிருந்த அளவுகோல் மேசையில் விழுந்தது.

“எதப் போட்டுக் கழுவினீங்க?”

“புளியும் சாம்பலும். வெள்ளிமலையில எந்தம்பி குடுத்தனுப்பின புளி, கடைப் புளி இல்ல. வெளக்கு தேய்க்கற மாதிரி ஒண்ணொண்ணா தேய்ச்சு, நாலு தண்ணி அலசி, கொதிக்கக் கொதிக்க வெந்நியும் ஊத்தி, கையே படாம இந்தத் துண்டுல எடுத்து வெச்சேன். மெட்ராஸ்லேருந்து பெரியவங்க வராங்களே, அழுக்குக் குண்டையா காட்டுறதுன்னுதான்.”

நான்சி வாயைத் திறந்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. எதிரே நின்ற அந்த முகம் பாராட்டுக்குக் காத்திருந்ததால் கத்தவில்லை. ஆனாலும் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும். பச்சையம்மாளின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

“தப்பா பூடுச்சாம்மா?”

அதற்குள் கண்ணாயிரம் சார் உள்ளே வந்துவிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் மாலைக் கூடை. சத்தம் வரவில்லை என்று கேட்டதும் கூடையைக் கீழே வைத்தார். பச்சையம்மாள் குண்டுகளைக் கழுவிய கதை தெரிந்ததும் அவருக்கு முகம் சிவந்தது.

“இன்னாம்மா நெனச்சிகினு இருக்க நீ? உங்க வூட்டுக் குத்துவெளக்கா இது? ஆறு வருஷ ஆராய்ச்சிம்மா! புளி போட்டுத் தேய்ச்சியாமே! ஆபீசுக்கு எழுதறேன். நாளைலேருந்து நீ இந்தப் பக்கமே வரத் தேவையில்ல.”

பச்சையம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அழவில்லை. எதை எங்கே மறுபடி வைத்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்று தேடுகிறவளைப் போல மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திட்டாதீங்க சார். இன்னொரு தடவை பாக்கறேன்” என்றாள் நான்சி. நெற்றியில் வழிந்த வேர்வையை விரலால் வழித்துவிட்டு, ஒரு குண்டைக் கையால் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அதன் பளபளப்பைக் கெடுக்க மனமில்லாமல் துண்டால் பிடித்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்; இப்போது அது நினைவிலேயே இல்லை. “ஆண்டவரே, சரியா வரணும்” என்றாள். மின்காந்தத்தில் மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

டொப்!

“வந்துச்சு!” என்று கண்ணாயிரம் சார் மேசையைத் தட்டினார். “பாத்தியா, வந்துச்சு! நான் சொல்லல?”

நான்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.

விரல்களில் மினுமினுப்பு இருந்தது. அம்மா தெரசா வருடம் தவறாமல் வேளாங்கண்ணியிலிருந்து மந்திரித்த எண்ணெய் வாங்கி வருவாள். சின்ன பாட்டிலில் ஊற்றி நான்சியின் பைக்குள் வைப்பாள். சோதனை தொடங்குமுன் ஒரு சொட்டு விரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வது நான்சியின் வழக்கம். பிறகு குண்டுகளை ஸ்பிரிட்டில் துடைப்பாள். அதன்பின் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து மூடி, ஒரு வரி செபம் சொல்லித்தான் மாட்டுவாள். இன்று காலை வரை, ஆறு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. ‘ஸ்பிரிட்டில் சுத்தம் செய்யப்பட்ட குண்டுகள்’ என்று ஆய்வேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். பொய் என்று தெரிந்து எழுதவில்லை. துடைத்தது உண்மை. துடைத்தபின் தொட்டதைத்தான் அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணெய் பட்ட மேற்பரப்பு தண்ணீரை ஒட்டவிடாது. தகடு சீக்கிரமே பிரிந்துவிடும். குழி சீக்கிரமே விழும்.

இன்னொரு குண்டைத் துண்டால் எடுத்துப் போட்டாள். சத்தமில்லை. அதையே வெளியே எடுத்து உலர்த்தி, நெற்றியைத் தொட்ட விரலால் ஒரு தடவு தடவிப் போட்டாள். டொப்.

“சார்” என்றாள். “இத்தன நாளா நாம அளந்தது எஃகை இல்ல, சார். என் கை எண்ணெய.”

கண்ணாயிரம் சார் கெட்டிக்காரர். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது.

“நான்சி, நான் சொல்றத நிதானமா கேளு” என்றார் கடைசியில். “எல்லாக் குண்டுலயும் துளி தடவிடு. நீ புதுசா ஒண்ணும் பண்ணலியே? ஆறு வருஷமா எப்டிச் செஞ்சியோ அப்டியே இன்னிக்கும் செய்யப் போற. பட்டம் வாங்கிக்க. வேலைல சேரு. அப்பறம் இத நிதானமா ஆராஞ்சு, தனியா ஒரு கட்டுரை எழுதித் திருத்திக்கலாம். ஒருத்தருக்கும் நஷ்டமில்ல.”

“கேட்டா இன்னா சார் சொல்றது?”

“எதுக்குக் கேக்கப் போறாங்க? அப்டியே ஒண்ணு ரெண்டு சத்தம் வரலன்னா, வேலைக்காரம்மா தெரியாம கழுவிக் கெடுத்துட்டாங்கன்னு சொல்லிடலாம். அது நெஜந்தானே?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அதிலிருந்த ஆபத்து. நான்சியின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. அப்பாவின் முகம் வந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை நீட்டிப்பு வருமா வராதா என்று அலுவலக வாசலில் நிற்பது வந்தது. எண்ணெய் பாட்டில் பையில்தான் இருந்தது. அவள் கை பைக்குள் போனது.

“நான்சிம்மா.”

பச்சையம்மாள் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்திருந்தாள்.

“எனக்கு இந்த எண்ணெ கிண்ணெயெல்லாம் ஒண்ணும் வெளங்கல. ஆனா நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லிக்க, தாயி. எழுதிக் குடு, கையெழுத்து வேணாலும் போட்டுக் குடுக்கறேன். எனக்கு வேற வூட்ல பாத்திரம் தேய்க்கற வேலை கெடைக்கும். நீ படிச்ச புள்ள, உனக்கு வேற இன்னா கெடைக்கும்?”

பைக்குள் போன கை அங்கேயே நின்றது.

இந்தப் பெண் கெடுதல் செய்ததாக ஊரே சொல்லலாம். உண்மையில் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: யாரும் கேட்காமல், வேலை நேரம் முடிந்த பிறகு, அடுத்தவளின் பொருளைத் தன் வீட்டுச் சாமி விளக்காக எண்ணித் தேய்த்திருக்கிறாள். ஆறு வருடத்தில் அந்தக் குண்டுகள் உண்மையில் சுத்தமாக இருந்தது நேற்று ஒரு ராத்திரிதான். எண்ணெயில் குற்றமில்லை, செபத்திலும் குற்றமில்லை. ‘சரியா வரணும்’ என்றுதானே தினமும் கேட்டாள்? எனக்குப் பிடித்த மாதிரி வரணும் என்று கேட்கவில்லையே. கேட்டது வந்திருக்கிறது. அது இத்தனை கசப்பாக இருக்கும் என்று மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

நான்சி கையை வெளியே எடுத்தாள். அது வெறும் கையாக இருந்தது.

எழில்மதி வருவதற்குப் பதினொன்றரை ஆகிவிட்டது. உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி குறுக்கே நின்றதாம். மாலையை வாங்கி அப்படியே மேசையில் வைத்துவிட்டு, “முதல்ல சோதனை. பேச்செல்லாம் அப்புறம்” என்றார். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களுமாக முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். கண்ணாயிரம் சார் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான்சி என்ன செய்யப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. பச்சையம்மாள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

நான்சி துண்டால் ஒரு குண்டை எடுத்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறைதான் அது காந்தத்தில் ஒட்டியது. பொத்தானை அழுத்தினாள்.

சத்தமில்லை.

பின்வரிசையில் யாரோ ‘அய்யோ’ என்றார்கள். கண்ணாயிரம் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது சுத்தமான குண்டு, மேடம்” என்றாள் நான்சி. இன்னொன்றை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தன் நெற்றியைத் தொட்ட விரலால் தடவி மாட்டினாள். டொப் என்று தண்ணீர் மேலே தெறித்தது. “இது என் கை பட்ட குண்டு. என் ஆய்வேட்டில இருக்கற தொண்ணூறு சென்டிமீட்டர் எஃகோட எண் இல்ல, மேடம். எண்ணெயோட எண். நாப்பத்தோராம் பக்கம் தப்பு. அதுக்கு அப்பறம் வர்ற எல்லாப் பக்கமும் தப்பு.”

எழில்மதி கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“இன்னிக்குக் காலைல, மேடம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால.”

“யார் கண்டுபிடிச்சது?”

நான்சி கதவுப் பக்கம் திரும்பினாள். “பச்சையம்மாள்னு எங்க துறையில வேலை பாக்கறாங்க. அவங்க நேத்து குண்டையெல்லாம் கழுவி வெக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் ஆறு வருஷத்துல ஒரு தடவை கூட அவங்க அளவுக்குச் சுத்தமா கழுவல.”

எல்லாத் தலைகளும் திரும்பின. பச்சையம்மாள் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். அவள் சேலை நுனி மட்டும் தெரிந்தது.

எழில்மதி ஆய்வேட்டைப் புரட்டினார். நான்சிக்கு அந்த நேரம் ஆறு வருடத்தைவிட நீளமாக இருந்தது. சில பெரிய மனிதர்கள் இப்படிப்பட்ட இடத்தில் மன்னித்துவிடுவார்கள் என்று அவள் மனத்தின் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது.

“இத நான் ஏத்துக்க முடியாதும்மா” என்றார் எழில்மதி. “திருத்தி எழுதணும். எல்லா அளவும் முதல்லேருந்து. ஒரு வருஷம் எடுத்துக்கங்க.”

“சரிங்க மேடம்.”

சொல்லிவிட்டு நான்சி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நிரந்தர வேலை போயிற்று. அது இனி எந்த வருடம் வருமோ, வருமோ வராதோ. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கலைந்தார்கள்.

கண்ணாயிரம் சார் வாசலுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்பது முழுதாகக் கேட்கவில்லை. “காலைல நான் பேசினது தப்பும்மா. ஆபீசுக்கெல்லாம் ஒண்ணும் எழுத மாட்டேன்” என்பது மட்டும் கேட்டது. “பரவால்ல, வுடுங்க சார். எல்லாருக்கும் இன்னிக்கி நேரம் செரியில்ல” என்றாள் பச்சையம்மாள்.

எழில்மதி இன்னும் கிளம்பவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கழுவின குண்டு எவ்வளவு உயரத்துல சத்தம் போடும்?”

“தெரியாது, மேடம். காந்தம் மாட்டியிருக்கற இந்தத் தூண்ல ஒண்ணரை மீட்டருக்கு மேல ஏத்த முடியாது.”

“மாடிப்படி எங்க இருக்கு?”

தொட்டி சக்கரம் வைத்த மேசைமேல்தான் இருந்தது. கண்ணாயிரம் சார் ஒரு பக்கமும் நான்சி ஒரு பக்கமுமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் தண்ணீர் சிந்தியது. படிக்கட்டு வளைந்து ஏறும் இடத்தின் நடுவே தொட்டியை நிறுத்தினார்கள். நான்சி குந்தி உட்கார்ந்து கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தாள். எழில்மதி காரோட்டியைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் ஆகும், போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னார். பிறகு தானே அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேலேருந்து விட யார் போறது? என் கையும் வேணாம், உங்க கையும் வேணாம்” என்றார்.

நான்சி ஆய்வுக்கூட வாசலில் நின்ற பச்சையம்மாளைப் பார்த்தாள்.

“அக்கா, கொஞ்சம் வர்றீங்களா? கை படாம எடுக்க உங்களுக்குத்தான் தெரியும்.”

பச்சையம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். வெள்ளைத் துண்டை உதறி மடித்து, குண்டுகளை அதில் வாங்கிக்கொண்டாள். தூணிலிருந்து கழற்றி எடுத்து வந்த காந்தத்தில் ஒன்றை மாட்டி, கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் கையை நீட்டினாள். ஒன்றே முக்கால் மீட்டர். பொத்தானை அழுத்தினாள். சத்தமில்லை. ஒரு படி ஏறினாள். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சத்தமில்லை. இன்னொரு படி. இரண்டு மீட்டரைத் தாண்டியாயிற்று, நீர் மட்டும் லேசாக நெளிந்தது. நான்சி மடியில் புதிய நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் ஒவ்வொரு உயரத்துக்கும் நேராக ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தாள்.

“இன்னும் மேல ஏறட்டாம்மா?” என்றாள் பச்சையம்மாள் மேலிருந்து.

“ஏறுங்கக்கா. மெதுவா.”